தாமரைக்கு மூன்று நிறம் கேட்டால் 'முடியாது' என்ற கம்ப்யூட்டர்: பிக்சல் கேம் மோகத்தின் பின்னணி என்ன?

மதுரைக்காரர்களுக்கு கீழக்குயில்குடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், சமணர் மலை அடிவாரத்தில் ஒரு தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது விட்ட ஆலமரங்கள். அந்தக் குளத்தை உங்கள் போன் கண் சிமிட்டும் நேரத்தில் படம் பிடித்துவிடும். ஃபைல் சைஸ் எப்படியும் 3 எம்பி வரும்.

அதே குளத்தை 1982-ல் பிரிட்டனில் வெளியான 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் வரையச் சொன்னால்? முழு ஸ்கிரீனுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது 6,912 பைட். உங்கள் ஒரே ஒரு போட்டோ பிடிக்கும் இடத்தில் அந்த மாதிரிப் படங்கள் 450-க்கு மேல் அடங்கும்.

இன்றைக்கு ரீல்ஸ், வால்பேப்பர், பிளே ஸ்டோர் கேம் என்று எங்கே பார்த்தாலும் கட்டம் கட்டமான பிக்சல் படங்கள். அந்தக் கம்ப்யூட்டர்களைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காத 2கே கிட்ஸ்தான் இதை அதிகம் வரைகிறார்கள். இது வெறும் ஸ்டைலா? அந்தப் படங்கள் ஏன் அப்படி இருந்தன? நெட்டில் கொட்டிக் கிடக்கும் பழைய கேம் படங்களை எடுத்து நம் கேமில் போடலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குளத்தை வரைந்து பார்த்தால் புரியும்

ஸ்பெக்ட்ரம் ஸ்கிரீன் அகலத்தில் 256, உயரத்தில் 192 புள்ளிகள். இந்தப் புள்ளிகள் 'ஆன்' அல்லது 'ஆஃப்', அவ்வளவுதான். இதற்கு 6,144 பைட் போய்விடும். நிறத்துக்கு மிச்சம் இருப்பது 768 பைட். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்க இது போதாது. அதனால் அதை வடிவமைத்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஸ்கிரீனை 8-க்கு 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம் என்று வைத்துவிட்டார்கள்.

இப்போது கீழக்குயில்குடி குளத்துக்கு வாருங்கள். நீலத் தண்ணீர், பச்சை இலை, ரோஸ் நிறத் தாமரை. ஒரே கட்டத்துக்குள் மூன்று நிறம் வந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் முடியாது என்றுவிடும். பூவுக்கு நிறம் கொடுத்தால் அந்தக் கட்டத்தில் இலையும் சேர்ந்து ரோஸாகிவிடும், அல்லது தண்ணீர் காணாமல் போகும். ஸ்பெக்ட்ரம் கேம்களில் ஹீரோ ஒரு மரத்தைத் தாண்டி நடந்தால் மரம் திடீரென ஹீரோவின் நிறத்துக்கு மாறுவதை பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

மலை இன்னும் மோசம். மொத்தம் இருந்ததே 15 நிறங்கள்: கறுப்பு, நீலம், சிவப்பு, மஜெந்தா, பச்சை, சயான், மஞ்சள், வெள்ளை. கறுப்பு தவிர மற்றவற்றுக்கு மங்கல், பளிச் என இரண்டு அளவு. பாறையின் பழுப்பு நிறம் பட்டியலிலேயே கிடையாது. அன்றைய ஓவியர்கள் என்ன செய்வார்கள் என்றால், மங்கலான மஞ்சளுக்கு நடுவே ஒன்றுவிட்டு ஒன்று கறுப்புப் புள்ளி வைப்பார்கள். பழைய குமிழ் டிவி அந்த இரண்டையும் லேசாகக் கலக்கி, கண்ணுக்குப் பாறை மாதிரியே காட்டிவிடும். அதே படத்தை இன்றைய எல்இடி ஸ்கிரீனில் போட்டால் வெறும் சொரசொரப்பான புள்ளிகள்தான் தெரியும். 'அந்தக் காலத்து கிராபிக்ஸ் கேவலமா இருக்கு' என்று நாம் சொல்வதில் பாதி, தப்பான டிவியில் பார்ப்பதால் வருவது.

இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர் 'நம்ம கோலம்தானே இது' என்பார். பாதிதான் சரி. சிக்குக் கோலத்தில் புள்ளி வெறும் வழிகாட்டி. கோடு அதைச் சுற்றி வளைந்து போகும். பிக்சலில் புள்ளிதான் எல்லாமே. என்னைக் கேட்டால் இதற்கு நெருங்கிய சொந்தம் வயர் கூடை. ஒரு முடிச்சு, ஒரு நிறம். பக்கத்து முடிச்சுக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் வேறு வயரை இழுத்துவர வேண்டும். பட்டாம்பூச்சி டிசைன் போட்ட கூடையை அம்மா எண்ணி எண்ணிப் பின்னியதைப் பார்த்தவர்களுக்கு பிக்சல் ஆர்ட் புதிய விஷயமே இல்லை.

மேகமும் புதரும் ஒன்றேதான்

ஜப்பானில் 1983-ல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்' வேறு வழியில் போனது. 8-க்கு 8 அளவிலான சின்ன ஓடுகளை கேசட்டிலேயே படமாகச் சேமித்து, அவற்றை அடுக்கி ஸ்கிரீனை நிரப்பும். 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கேபிதான். அதில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை.

மரியோவுக்கு மீசையும் தொப்பியும் வந்ததும் அழகுக்காக இல்லை. 1981-ல் 'டாங்கி காங்' ஆர்கேட் கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ அவரை வரைந்தபோது, அவ்வளவு சின்ன இடத்தில் வாய் வரைய வழியில்லை. மீசை வைத்தால் மூக்கு தனியாகத் தெரியும். முடியை வரைவது கஷ்டம், தொப்பி போட்டாயிற்று. கை அசைவது தெரிய வேண்டும். சட்டைக்கு ஒரு நிறம், மேலே போடும் ஓவராலுக்கு வேறு நிறம்.

அப்புறம் அந்தக் கண்ணடிக்கிற பிரச்சினை. கேமில் எதிரிகள் கூட்டமாக ஒரே வரிசையில் வந்தால் படம் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டுத் தெரியுமே? ஃபேமிகாமால் ஒரு கிடைக்கோட்டில் 8 நகரும் ஓடுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் மாற்றி மாற்றி ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுவார்கள். அது ரிப்பேர் இல்லை, சமாளிப்பு.

சரி, நம் ஊரில் இதெல்லாம் இருந்ததா?

இருந்தது, ஆனால் வீட்டில் இருந்தது குறைவு. 80-களில் கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு வரி கடுமை. புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1986-ல் ஸ்பெக்ட்ரமை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் உரிமம் பெற்று இங்கேயே விற்றது. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத கனிதான்.

பெரும்பாலானவர்கள் முதன்முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தது பள்ளியில். மத்திய அரசு 1984-85-ல் 'கிளாஸ்' என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகள். அங்கே வைக்கப்பட்டது பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் தயாரித்த 'பிபிசி மைக்ரோ'. பஞ்சாபின் மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரிலும் கொண்டுவந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், ஒரு மெஷினைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று பார்த்த கதையை எந்த 80ஸ் கிட்டிடம் கேட்டாலும் சொல்வார்.

அந்த மொஹாலி நிறுவனத்தின் சிப் தயாரிப்புக்கூடம் 1989 பிப்ரவரியில் தீயில் அழிந்தது. இன்று 'சிப் தயாரிப்பில் இந்தியா' என்று தினமும் செய்தி போடுகிறோம். அந்தத் தீயைப் பற்றி நம் தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிபிசி மைக்ரோவுக்கு இன்னொரு வாரிசு இருக்கிறது. அதைத் தயாரித்த அதே ஏகார்ன், பிபிசி மைக்ரோக்களை வைத்தே வடிவமைப்பு வேலை பார்த்து, 1985 ஏப்ரலில் தன் சொந்த புராசஸரை ஓட்டிக் காட்டியது. பெயர் 'ஆர்ம்'. நீங்கள் இந்தக் கட்டுரையை போனில் படிக்கிறீர்கள் என்றால், அநேகமாக அதன் பேரப்பிள்ளைதான் உங்கள் கையில் இருக்கிறது.

90ஸ் கிட்ஸ் கதை வேறு. அவர்களுக்கு 'வீட்டுக் கம்ப்யூட்டர்' என்பது டிவி கேம்தான். ஃபேமிகாமை அச்சு அசலாகக் காப்பியடித்த பெட்டிகள் பர்மா பஜாரிலும் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் குவிந்தன. கான்ட்ரா, ரோடு ஃபைட்டர், சர்க்கஸ், 'ஐலேண்டர்' என்று நாமே பெயர் வைத்துக்கொண்ட அட்வெஞ்சர் ஐலேண்ட். '9999 இன் 1' கேசட்டில் உண்மையில் இருந்தது சில கேம்கள்தான். அவையே வேறு வேறு லெவலில் ஆரம்பித்துத் திரும்பத் திரும்ப வரும். சில பெட்டிகளில் கீபோர்டே இருந்தது, பேசிக் புரோகிராமும் எழுதலாம். 'படிப்புக்கு உதவும்ப்பா' என்று அப்பாவிடம் சொல்லி வாங்கியவர்கள் எல்லாம் என்ன படித்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

கேசட்டைக் கழற்றி வாயால் ஊதினால் வேலை செய்யும் என்பது நம் தேசிய நம்பிக்கை. ஊதியதால் சரியாகவில்லை, கழற்றித் திரும்பச் செருகியதால் சரியானது. வாய் ஈரம் பின்னில் பட்டுத் துருதான் பிடிக்கும்.

தமிழ் ஏன் அந்த ஸ்கிரீனில் வரவில்லை?

எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். 8-க்கு 8 கட்டத்தில் 'ட' எழுதுவது சுலபம். இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு. கம்ப்யூட்டருக்கு அதை எட்டு எண்களாகச் சொல்ல வேண்டும்: 0, 64, 64, 64, 64, 64, 126, 0. வரிசைக்கு ஓர் எண். 'ப' வேண்டுமா? 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இரண்டு பக்கமும் கோடு வந்ததால் 64 என்பது 66 ஆகிறது, அவ்வளவுதான்.

இப்போது 'ஞ' எழுதிப் பாருங்கள். அல்லது 'ணை'. கட்டத்துக்குள் சுழியும் வளைவும் மோதிக்கொண்டு ஏதோ பூச்சி மாதிரி நிற்கும்.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ள ஒதுக்கிய எழுத்துகள் 21 மட்டும். தமிழுக்கு 247 எழுத்துகளையும் தனித்தனியே வரைய வேண்டாம். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறியைப் பிரித்து வைத்தால் போதும். அப்படிப் பிரித்தும் கு, கூ, கி, கீ, க் எல்லாம் தனித்தனி வடிவம் ஆயிற்றே. கிரந்தம் சேர்க்காமலே சுமார் 125 வடிவங்கள் தேவை.

மெமரிதான் தடை என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு எழுத்துக்கு 16-க்கு 16 கட்டம் கொடுத்தால் 32 பைட். 125 எழுத்துக்கு 4,000 பைட். 48 கேபி மெஷினுக்கு இது தாங்கக்கூடிய செலவுதான். ஆனால் ஸ்கிரீனில் வரிக்கு 16 எழுத்து வீதம் 12 வரிதான் வரும். 192 எழுத்து, பழைய 140 எழுத்து ட்வீட்டைவிடக் கொஞ்சம் அதிகம். உண்மையான தடை, 'ஒரு எழுத்து என்றால் 8-க்கு 8' என்று ஆங்கிலத்தை மனதில் வைத்து மெஷினையே அமைத்துவிட்டதுதான். அந்த முடிவை எடுத்த அறையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

1980-களின் மத்தியில் கனடாவில் முனைவர் கே. ஸ்ரீநிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும் உருவாக்கியது பிசி கம்ப்யூட்டர்களுக்காக. வெளிநாட்டுத் தமிழர்கள் முந்திக்கொண்ட கதை அது. தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இந்தப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. தமிழில் பிக்சல் கேம் செய்ய உட்காரும் யாரும் முதல் நாளே இதில் முட்டிக்கொள்வார்கள். சில கேம் எஞ்சின்களில் 'கெ' என்று டைப் செய்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். இலவச 'கோடோ' எஞ்சினின் 4-ஆம் பதிப்பு இதைச் சரியாகக் காட்டுகிறது. 'குனூ யூனிஃபான்ட்' என்ற இலவச எழுத்துருவில் 16 புள்ளி உயரத்தில் தமிழ் இருக்கிறது, ஆனால் பார்க்க அழகு போதாது. நல்ல தமிழ் பிக்சல் எழுத்துரு ஒன்றை வரைந்து இலவசமாக வெளியிடுகிறவருக்கு எத்தனை பேர் நன்றி சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கேம் படங்களை எடுத்து பயன்படுத்தலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நெட்டில் 'தி ஸ்பிரைட்டர்ஸ் ரிசோர்ஸ்' போன்ற தளங்களில் பழைய கேம்களின் எல்லா ஓடுகளும், ஹீரோ ஓடும் ஒவ்வொரு ஃபிரேமும் வரிசையாகக் கிடைக்கும். படித்துப் பழக இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஆனால் அவை கேமிலிருந்து உருவி எடுக்கப்பட்டவை. உரிமை இன்னும் அந்தந்த நிறுவனத்திடம்தான். அவற்றைப் போட்டு கேம் செய்து பிளே ஸ்டோரில் ஏற்றினால், புகார் வந்த அன்றே உங்கள் ஆப் தூக்கப்படலாம். மாதக்கணக்கான உழைப்பும் கூடவே போகும்.

'40 வருஷம் ஆச்சு, கம்பெனியே இல்லை, யார் கேட்கப் போறாங்க?' என்ற வாதம் சட்டத்தில் எடுபடாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் ஓவியத்துக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் பாதுகாப்பு, உருவாக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். அந்த கேமை வரைந்தவர் இன்னும் உயிரோடு இருந்தால் கணக்கே ஆரம்பிக்கவில்லை.

நீங்கள் முறையாக வாங்கிய புரோகிராம் அழிந்துவிடாமல் இருக்க ஒரு பிரதி எடுத்து வைக்க, சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு இடம் தருகிறது. அது உங்கள் பாதுகாப்புக்கு மட்டும். ஊருக்கெல்லாம் பகிர அல்ல. நல்ல உதாரணம் ஒன்றும் உண்டு: 1986-ல் சின்க்ளேர் கம்ப்யூட்டர் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், ஸ்பெக்ட்ரமின் உள் மென்பொருளை எமுலேட்டர்களோடு சேர்த்துப் பகிரலாம் என்று 1999-ல் அனுமதித்தது. அதனால்தான் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டரை உங்கள் போனில் நிம்மதியாக ஓட்ட முடிகிறது. தனித்தனி கேம்களுக்கு அந்த அனுமதி பொருந்தாது.

அப்போ எங்கே எடுப்பது? 'ஓப்பன் கேம் ஆர்ட்' தளத்திலும் 'இட்ச்' தளத்திலும் பயன்படுத்தவென்றே வரைந்து கொடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 'கென்னி' தளத்துப் படங்கள் 'சிசி ஜீரோ' உரிமத்தில் வருபவை: பெயர்கூடப் போடத் தேவையில்லை, விற்கவும் செய்யலாம். 'சிசி பை' என்று இருந்தால் வரைந்தவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும். 'சிசி பை எஸ்ஏ' என்றால், அதில் நீங்கள் செய்யும் மாற்றத்தையும் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். டவுன்லோட் செய்யும்போதே உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னாடி தேடினால் கிடைக்காது.

நிறங்கள் மட்டும் வேண்டுமென்றால் 'லாஸ்பெக்' தளத்தில் ஸ்பெக்ட்ரம் உட்படப் பழைய மெஷின்களின் நிறப் பட்டியல்கள் உள்ளன. வரைய, பிரவுசரிலேயே 'பிஸ்கெல்' இலவசம். 'ஏஸ்பிரைட்' காசு கொடுத்து வாங்குவது. அதன் இலவசத் தம்பி 'லிப்ரேஸ்பிரைட்'.

வரைந்த பிறகு பெரிதாக்கும்போது 2, 3, 4 என முழு மடங்கில் மட்டும் பெரிதாக்குங்கள். 256 அகலப் படத்தை 4 மடங்காக்கினால் 1,024. பெரும்பாலான போன்களில் கச்சிதமாக உட்காரும். இரண்டரை மடங்கு என்று இழுத்தால் சில புள்ளி தடியாகவும் சில ஒல்லியாகவும் போய்விடும். சேமிப்பது பிஎன்ஜி-யில். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது தன் பங்குக்குக் கசக்கிவிடும்.

பரணில் ஒரு பெட்டி இருந்தால்...

சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் வரை ஏறியவர்கள் பார்த்திருப்பீர்கள். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டு. இந்தச் சிற்பத்தைச் செய்வித்தவர் இன்னார் என்று சொல்லும் வரிகள். ஆயிரம் வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அறிஞர்களால் படிக்க முடிகிறது. 1986-ல் ஒரு பள்ளி மாணவி ஆடியோ கேசட்டில் சேமித்த புரோகிராமுக்கு அந்த ஆயுள் கிடையாது. டேப்பில் உள்ள காந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் உதிர்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் எழுதப்பட்ட கேம்கள், புரோகிராம்களில் எத்தனை அந்த மெஷின்களோடு காயலான் கடைக்குப் போனதோ.

உங்கள் வீட்டுப் பரணிலோ, மாமா வீட்டு அட்டைப் பெட்டியிலோ ஸ்பெக்ட்ரமோ பிபிசி மைக்ரோவோ கிடைத்தால் ஆர்வக்கோளாறில் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். பழைய கப்பாசிட்டர் வீங்கியிருந்தால் புகை வரும், கூடவே அரிய சிப் ஏதாவது போகும். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவரிடம் பவர் பகுதியை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேசட்டுகள் காத்திருக்காது, அவற்றை முதலில் கவனியுங்கள். நல்ல டேப் பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஹெட்போன் பின்னிலிருந்து லேப்டாப்பின் ஆடியோ உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது டேட்டா சிதைந்துவிடும். 'வேவ்' ஃபைலாகவே வையுங்கள். காதைக் கிழிக்கும் கீச் சத்தம்தான் கேட்கும், பயப்படாதீர்கள், அதுதான் புரோகிராம். அந்த ஃபைலை எமுலேட்டரில் கொடுத்தால், ஆரம்பத்தில் படம் இருந்தால் முதலில் நிறமில்லாமல் கோடு கோடாக வரும். கடைசி 768 பைட் ஏறும்போதுதான் மேலிருந்து கீழாக நிறம் பரவும். 48 கேபி முழுவதும் ஏற ஐந்து நிமிடம் ஆகும். ஸ்கிப் பட்டன் கிடையாது.